பொட்டு வைக்காத முணுக்கி

இல்லாத பிராணி ஒன்றைச் செய்வதில் கஷ்டமான வேலை, கால் எத்தனை, வால் எவ்வளவு நீளம் என்பதல்ல. பெயர்தான் கஷ்டம். பெயர் சரியாக விழுந்துவிட்டால் காலும் வாலும் தானாக முளைத்துக்கொள்ளும். விழாவிட்டால் எத்தனை கால் ஒட்டினாலும் அது கடையில் விற்கும் பொம்மைதான். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் இன்னும் முதலில் படத்தைத்தான் வரைந்துகொண்டு வந்து நீட்டுகிறார்கள்.

நான் தமயந்தி. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில், தொலவம் என்ற உலகத்தைச் செய்யும் கம்பெனியில் பெயர் வைக்கிறவள். தொலவத்துக்குப் போக ஒரு துணித் தொப்பி போதும். அதை மாட்டிக்கொண்டு படுத்தால் அன்றைய கனவு உங்களுடையதாக இருக்காது, தொலவமாக இருக்கும். நாங்கள் தொப்பி வழியாக அனுப்புவது சொல்லையும் அதன் குணத்தையும் மட்டும்தான். நிறம், மணம், தொட்டால் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் தூங்குகிறவரின் மூளையே தன் இருப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளும். அதனால்தான் சொல்லுக்கு அத்தனை மரியாதை. ஒரு சொல் கிடைத்தால் பாத்திரம் கழுவும்போது வாயில் போட்டுக் குதப்புவேன். பஸ்ஸில் முணுமுணுப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் மெல்லத் தள்ளி உட்கார்ந்தால் சொல் தேறிவிட்டது என்று அர்த்தம்.

துவரணை என்று ஒரு விளக்கு செய்தேன். ஏற்றினால் வெளிச்சத்துக்குப் பதிலாக நிழல் கொடுக்கும். உச்சி வெயிலில் நடந்து போகிறவர்களுக்கு. செவிக்கூடை என்று ஒன்று. பிடித்த சத்தங்களை அதில் பறித்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கொழுவான் என்று ஒரு மீன். கோடை வந்தால் அது ஆற்றை முதுகில் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு கோளாறு இருக்கும். வேண்டுமென்றே வைத்தது. துவரணையைக் கீழே வைத்தால் தரையில் படாமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கும். செவிக்கூடையின் அடிப்பக்கம் எப்போதும் மேலே பார்த்திருக்கும். கொழுவான் கண்ணைச் சிமிட்டினால் வாய் காணாமல் போகும். இந்தக் கோளாறுக்குப் பட்டறையில் திருஷ்டிப் பொட்டு என்று பெயர், சுருக்கமாகப் பொட்டு. குழந்தையின் கன்னத்தில் மையை அப்பி அழகைக் கெடுக்கிறோமே, அது மாதிரி. “பொட்டு வச்சாச்சா?” என்று கேட்காமல் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு ஈ கூட தொலவத்துக்குப் போனதில்லை. நிகிலேஷ் வரும்வரை அப்படித்தான் நடந்தது.

நிகிலேஷ் முதலாளியின் மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன். கெட்டவன் இல்லை. எதைப் பார்த்தாலும் அதை இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்யலாமே என்று கை துறுதுறுக்கும் ரகம். அந்த ரகத்தைக் கண்டாலே எனக்குப் பயம்.

“ஜனங்க ஆசையா ஒண்ணப் பாத்துட்டு இருக்கறாங்க மேடம். திடீர்னு அதுல ஒரு கோணல் தெரியுது. அப்பறம் எங்கீங்க அதுல மூழ்கறது?” என்றான் கூட்டத்தில். “காலைல எந்திரிச்சா பாதி மறந்தே போயிருது. மறந்து போறதுக்கா இத்தன பேரு உக்காந்து வேல செய்யறோம்?”

எங்கள் டாக்டர் ஜெஸிந்தா தூத்துக்குடிக்காரர். தூங்குகிறவர்களின் மூளையைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. டீயைக் கீழே வைத்தார்.

“மறக்கட்டும்னுதான் தம்பி வைக்கிறதே. தூங்குற மூளைக்கு எது நடந்துச்சு, எது நடக்கலன்னு தெரியாது. முழிச்ச பிறகுதான் பிரிச்சு வைக்கும். பிரிக்க அதுக்கு ஒரு பிடி வேணும்லா? ‘விளக்கு தரையில படாம நின்னுச்சே, அப்போ இது கனவு’ன்னு ஓரமாத் தள்ளிரும். அந்தப் பிடிதான் பொட்டு.”

“பிடி இல்லீன்னா?”

“நடந்ததோட நடந்ததா சேத்து அடுக்கிரும். எங்க இடம் இருக்கோ அங்க. பத்து வயசுலயா, கல்யாணத்தன்னைக்கா, போன தீவாளியிலயா, எங்கன்னு நாம சொல்ல முடியாது. பிறகு அதை உருவுனா பக்கத்துல இருக்கிறதும் சேந்து ஆடும்.”

நிகிலேஷ் சிரித்தான். “அது நல்லதுதானுங்களே டாக்டர். நம்ம சரக்கு அவங்க வாழ்க்கைக்குள்ளயே போயி உக்காந்துக்கும்.”

“அடுத்தவங்க வீட்டுக்குள்ள சொல்லாமக் கொள்ளாம நுழையறதுக்கு வேற பேரு இருக்குது,” என்றேன் வெடுக்கென்று.

“கோவிச்சுக்காதீங்க மேடம். யோசிக்கலாம்,” என்றான். யோசிக்கவில்லை. அந்த வாரமே ஒரே ஒரு பிராணிக்குப் பொட்டை எடுத்துவிட்டு அனுப்பிப் பார்த்திருக்கிறான். எனக்கும் சொல்லவில்லை, டாக்டருக்கும் சொல்லவில்லை. இருப்பதிலேயே சாதுவான, யாரையும் கடிக்காத பிராணியாகப் பார்த்து எடுத்தானாம். அவ்வளவு அக்கறை.

அவன் எடுத்தது முணுக்கி.

முணுக்கி என் செல்லம். பூனையைவிடச் சிறியது. அடுப்படியில் வெதுவெதுப்பான இடமாகப் பார்த்துப் படுத்திருக்கும். வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் தனக்குள் மெல்ல முனகும். அந்த முனகலைக் கேட்டால் பக்கத்தில் யாரோ இருப்பதுபோல மனசு அடங்கும். கூப்பிட்டால் வராது. சும்மா உட்கார்ந்திருந்தால் வந்து காலின் மேல் படுத்துக்கொள்ளும். அதற்கு நான் வைத்த பொட்டு இதுதான்: காலில் படுத்தால் அதன் பாரம் தோளில் தெரியும். ஆபீசில் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் முணுக்கியை நான் சுகந்தி அக்காவுக்காகத்தான் செய்தேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பிள்ளை இல்லை. நான் தனிக்கட்டை என்பதால் மாமா போன பிறகு அவளைக் கணபதியில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். மாமா நெஞ்சுவலியில் போனார். அன்று மதியம் அக்கா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து பார்த்தபோது அவர் முன்னறையில் விழுந்து கிடந்தார். கூப்பிட்டிருப்பார் என்று அக்கா நினைக்கிறாள். “அவரு கூப்பிட்டிருப்பாரு. எனக்குக் கேக்கல” என்பாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். அதிலிருந்து தூக்கம் என்றாலே அவளுக்கு ஆகாது. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள். மாத்திரையைத் துப்பிவிடுவாள். கடைசியில் ஆபீசிலிருந்து ஒரு தொப்பியைக் கொண்டுவந்து, “தூங்கறதுக்கு இல்லக்கா, நான் என்ன செய்யறேன்னு போய்ப் பாத்துட்டு வா” என்று ஏமாற்றித்தான் மாட்டிவிட்டேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் அக்கா தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு நாள் காலையில் எழுந்து வந்தால், அக்கா சமையலறையில் குனிந்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா தேடறே?”

“முணுக்கியக் காணோம் கண்ணு. என்ற காலு மேலதான் படுத்திருந்துச்சு.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை, சிரித்துவிட்டேன். “அது தொலவத்துல இருக்குதுக்கா. மறுபடி படுத்தா வரும்.”

“எந்தத் தொலவம்? அவரு அவிநாசி சந்தையில இருந்து மஞ்சப் பையில போட்டுக் கொண்டாந்தாரல்ல, அந்த முணுக்கியக் கேக்கறேன்.” அக்கா நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். “கொழந்த தங்காமப் போச்சல்ல, அப்ப. நான் தனியா உக்காந்து அழுதுட்டு இருப்பேன்னு கொண்டாந்து மடியில வுட்டாரு. நீ கூட லீவுக்கு வந்திருந்தியே. உனக்குப் பயம். கட்டலு மேல ஏறி நின்னுட்டே.”

நான் அப்போது நிஜமாகவே போயிருந்தேன். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமா அவிநாசியிலிருந்து மஞ்சப் பையோடுதான் வந்தார். பையில் இருந்தது மாதுளம்பழம். அவரே உட்கார்ந்து உரித்து, முத்து முத்தாக அக்கா வாயில் போட்டார். அந்த மாதுளம்பழம் அக்காவின் தலைக்குள் எங்கே போனது என்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் நான் பாத்திரம் கழுவியபடி கண்டுபிடித்த ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது.

அன்று பால் வாங்கப் போனபோது பூத் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘காணவில்லை. முணுக்கி. செம்பட்டை நிறம். கூப்பிட்டால் வராது, சும்மா இருந்தால் வரும். கண்டவர்கள் பால்காரரிடம் சொல்லவும்.’ அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, வேறு கையெழுத்தில். இது சாம்பல் நிறமாம். சத்தி ரோடு திருப்பத்துக்குள் இன்னும் நாலைந்து பார்த்துவிட்டேன். நிறம் ஆளுக்கொன்றாக இருந்தது, குணம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தது. ஒரு வீட்டு வாசலில் சின்னத் தட்டில் சோறு வைத்துக் கதவை ஒருக்களித்து விட்டிருந்தார்கள். அடுத்த வீட்டிலும் கதவு அப்படியே. தெரு முழுக்கக் கதவுகள் ஒரு சாண் திறந்திருந்தன; உள்ளே பேச்சு மூச்சு இல்லை. சும்மா இருந்தால்தானே வரும், அதனால் எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

என் கீழ்வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை. அவர் தொப்பி மாட்டுகிறவர், அந்த அம்மா மாட்டாதவர். “கல்யாணம் ஆன நாளா நம்ம வீட்டுல இருந்ததைத் தொரத்தி வுட்டுட்டு, அப்பிடி ஒண்ணே இல்லீங்கறியே, நீயெல்லாம் பொம்பளையா?” என்று அந்த மனுஷன் அழுதுகொண்டே கத்தினார். அந்த அம்மா என்னைப் பார்த்து, “ஏனுங்க, நீங்களே சொல்லுங்க, எங்க வீட்டுல என்னத்தையாச்சும் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? இல்லை என்றேன். அந்த மனுஷன் என்னையும் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

ஆபீசில் டாக்டர் ஜெஸிந்தா நிகிலேஷை உட்காரவைத்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். அவன் முகம் செத்துப்போயிருந்தது. “எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருக்குதுங்களே” என்று மட்டும் ஒரு தடவை முனகினான். நான் அவன் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். வேறு எதை எடுத்துப் போடுவது என்று தெரியவில்லை.

“பொட்டை வச்சு இன்னைக்கே மறுபடி அனுப்புங்க,” என்றார் டாக்டர். “முணுக்கி காலுல படுத்து தோளுல கனத்துச்சுன்னா போதும், மூளை முழிச்சுக்கிடும். உள்ள அடுக்கி வச்சிருக்கிறதையும் சந்தேகப்பட்டு வெளிய தள்ளிரும்.” பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க அக்காட்ட எதையும் விளக்கிட்டு இருக்காதீங்க. தொப்பியை மாட்டிப் படுக்க வைங்க, அது போதும். மனுஷங்களுக்கு எது பொய்னு காட்டலாம். எப்படிப் பொய் செய்றோம்னு மட்டும் காட்டக்கூடாது.”

நான் சரி என்றுதான் வந்தேன். ஆனால் அக்கா படுக்கமாட்டேன் என்றாள். வாசல் கதவை ஒருக்களித்துவிட்டு நிலைப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“நான் தூங்கிட்டு இருக்கறப்ப அது வந்துருச்சுன்னா?” என்றாள். “வெளிய நின்னு முனகிட்டு இருக்கும். எனக்குக் கேக்காமப் போயிட்டா என்ன பண்றது அம்மிணி? இன்னொரு தடவையுமா?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முணுக்கி என்ற பெயரை எந்தப் பாத்திரத்தைக் கழுவும்போது பிடித்தேன் என்பதுவரை சொன்னேன். நாங்கள் செய்யும் எல்லாவற்றிலும் ஒரு கோளாறு வைப்போம், அந்தக் கோளாறை வைத்துத்தான் இது செய்தது, இது நிஜம் என்று கண்டுபிடிக்க முடியும், முணுக்கிக்கு மட்டும் அதை எடுத்துவிட்டார்கள் என்றேன்.

“எல்லாத்துக்கும் ஒரு கோளாறு வெப்பீங்களா?” என்றாள் கடைசியில்.

“எல்லாத்துக்கும்.”

“செரி, குடு தொப்பிய,” என்றாள்.

மறுநாள் காலையில் அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். “ஏண்டி, அது காலுல படுத்தா தோளு வலிக்குது! இப்பிடியா ஒரு உசுரச் செய்வாங்க?” நானும் சிரித்தேன். அவிநாசியிலிருந்து வந்தது மாதுளம்பழம் என்று சொன்னேன். “மாதுளம்பழம்,” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஞாபகம் வந்ததா என்று கேட்டேன். “நீ சொல்றியல்ல, அப்ப மாதுளம்பழந்தான்,” என்றாள். எனக்கிருந்த நிம்மதியில் அந்தப் பதில் சரியாகக் காதில் விழவில்லை. ஊரிலும் கதவுகள் சாத்திக்கொண்டன. காகிதங்களின் மேல் வேறு காகிதங்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

சில நாள் கழித்துத்தான் கவனித்தேன். அக்கா எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்து, அடியில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தாள். வெயிலில் நின்று தன் நிழலைக் கவனித்தாள். ஜன்னலில் வந்து உட்கார்ந்த மைனா கண்ணைச் சிமிட்டும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால், “சும்மாதான்” என்பாள். தொப்பியைத் தொடுவதில்லை. மறுபடியும் தூக்கம் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

“அவருக்கு என்ன பொட்டு வெச்சே?”

“யாருக்கு?”

“உங்க மாமாவுக்கு.”

கரண்டியை அப்படியே வைத்துவிட்டேன். அக்கா முகத்தில் கோபமோ குழப்பமோ இல்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் கேட்டாள்.

“நானே கண்டுபிடிச்சுட்டேன்,” என்றாள். “அவரு சிரிச்சா சத்தம் வராதல்ல? வயிறு குலுங்கும், கண்ணுல தண்ணி வரும், சத்தம் மட்டும் இருக்காது. எந்த மனுசன் அப்பிடிச் சிரிப்பான்?”

அது உண்மை. மாமா அப்படித்தான் சிரிப்பார். கல்யாண வீடியோவில் எல்லாரும் கேலி செய்வது பதிவாகியிருக்கிறது. தோசை கருகிக்கொண்டிருந்தது, எனக்கு அப்போது தோன்றியதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நல்ல பொட்டு என்று தோன்றியது. பட்டறையில் ஒரு பிள்ளை இப்படி யோசித்துக்கொண்டு வந்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பேன். அடுத்த நொடி என்மேலேயே பயம் வந்து அடுப்பை அணைத்தேன்.

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். “படம் பண்றதுதானே உங்க வேல,” என்றாள். அவர் சட்டையை எடுத்துக் காட்டினேன். “சட்டை கடையில கிடைக்கும்.” ஒரு நொடி அவள்மேல் எரிச்சல் வந்தது, அவளை அறைந்துவிடலாம்போல இருந்தது. பிறகு யோசித்தேன்: படத்துக்கும் துணிக்கும் மடங்காதவள் ஒரு மனுஷன் வாயால் சொன்னால் மடங்குவாள். ஆவாரம்பாளையத்தில் தண்டபாணி அண்ணன் இருக்கிறார். கெட்டுப்போன மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் கடையை அவரும் மாமாவும் சேர்ந்துதான் இருபது வருடம் நடத்தினார்கள். புறப்படு என்றேன்.

தண்டபாணி அண்ணன் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த செம்புக் கம்பியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். “வாங்கம்மிணி, வாங்க. எத்தன நாளாச்சு!” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவராகவே மாமாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். காயில் கட்டும்போது சினிமாப் பாட்டைச் சீட்டியடிப்பாராம், கைப்பிழை வந்தால் சீட்டி நிற்குமாம். கடனுக்கு வேலை செய்துகொடுத்துவிட்டு விவசாயிகளிடம் கேட்கக் கூச்சப்படுவாராம். “அண்ணன் மாதிரி ஒரு மனுசன் இனிமே பொறக்கோணுமுங்க,” என்று கண்ணைத் துடைத்தார். அக்காவின் முகம் மெல்ல இளகிக்கொண்டு வந்தது. அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. எனக்குச் சாமி கும்பிடத் தோன்றியது.

“எளகின மனசுங்க,” என்றார் தண்டபாணி அண்ணன். “எங்கம்மா போனப்ப நான் சோறு திங்காமக் கெடந்தேன். அண்ணன்தான் எங்கிருந்தோ ஒரு முணுக்கியப் புடிச்சாந்து என்ற மடியில வுட்டாரு. அதை இப்பக் காணோமுங்க. கதவத் தொறந்தேதான் வெச்சிருக்கறேன்.”

“அண்ணா, நீங்க தொப்பி மாட்டறீங்களா?” என்றேன்.

“ரிப்பேருங்க. ஒரு மாசமா மாட்டல. ஏனுங்க?”

அக்கா என் கையை விட்டுவிட்டாள். எழுந்து, “வரோமுங்கண்ணா,” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வெளியே நடந்தாள். ஆட்டோவில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பொரிந்து தள்ளினேன். அவருக்கு மட்டும் சரியாகவில்லை, தொப்பி கெட்டுப்போனதால் பொட்டு போய்ச் சேரவில்லை, மாமா நிஜம், முணுக்கிதான் பொய் என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டு மாதிரிதான் கேட்டது.

வீட்டுக்கு வந்து அக்கா முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய ஆரம்பித்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். வெளியே நல்ல வெயில்.

“மறைக்காமச் சொல்லோணும். அவரு நீ செஞ்சவருதானே?”

“இல்லக்கா. உன்ற கழுத்துல தாலி கட்டினவரு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

“முணுக்கியவும்தான் நீ கட்டலு மேல நின்னு பாத்தே.” நாரை உரித்துப் போட்டாள். “கேளு அம்மிணி. அவரு நிஜம்னா, அன்னைக்கு அவரு விழுந்ததும் நிஜம். கூப்பிட்டதும் நிஜம். நான் உள்ள கெடந்து தூங்கினதும் நிஜம்.”

“கூப்பிட்டாருன்னு யாருக்கா சொன்னா?”

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. “நீ செஞ்சவருன்னா, யாரும் கூப்பிடல. யாரும் சாகல. இல்லையா?”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணைச் சுற்றிக் கருத்து, கன்னம் ஒட்டி, இத்தனை காலமாகக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டே தேய்ந்துபோன முகம். மாமாவை நினைத்துக்கொண்டேன். மாதுளம்பழத்தை உரித்து ஊட்டிய விரல்களில் செம்புக் கம்பி அறுத்த தழும்புகள் இருக்கும். அவருக்கு நான் இதைச் செய்யலாமா? அவரைக் கேட்டிருந்தால் சத்தமில்லாமல் சிரித்து, சரி என்றுதான் தலையாட்டியிருப்பார். அந்த மனுஷர் அப்படி.

“ஆமாக்கா,” என்றேன். “நான்தான் செஞ்சேன்.”

அக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். தோள் இரண்டும் தாழ்ந்தன. ஆனால் கை நிற்கவில்லை, அவரைக்காயை எடுத்துக்கொண்டே இருந்தது.

“எதுக்குச் செஞ்சே?”

“நீ தனியா இருக்கக்கூடாதுன்னு.”

“அதான பாத்தேன்,” என்றாள். “அவ்வளவு நல்ல மனுசன் எங்கியாச்சும் இருப்பானா?” சிரித்தாள். “பேரும் நீதான் வெச்சியா?”

தலையாட்டினேன்.

“ராக்கியப்பன்,” என்றாள் அக்கா.

கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டுப் பெயருக்கு என் முகத்தைப் பார்ப்பாள். ரேஷன் கடையில் அட்டையைத்தான் நீட்டுவாள். அவர் போன அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயரைக் கேட்டபோது, அந்த அழுகையிலும், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத்தான் கை காட்டினாள். நான்தான் சொன்னேன்.

“ராக்கியப்பன், ராக்கியப்பன்,” என்று இப்போது கூச்சமில்லாமல், நான் புதுச் சொற்களை வாயில் போட்டுப் பார்ப்பதுபோலவே சொல்லிப் பார்த்தாள். “நாக்குல நல்லா உக்காருது அம்மிணி. நல்ல பேராத்தான் வெச்சிருக்கே.”

முறத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு அங்கேயே வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். தொப்பி இல்லாமலே தூங்கிப்போனாள். நான் மிச்ச அவரைக்காயை ஆய்ந்து முடித்தேன். பிறகு அவள் எழுந்திருப்பதற்குள் நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்த மாமா படத்தை மாலையோடு கழற்றி, என் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.